முப்பது வாக்கியங்களில் ஒரு சமையல்காரர்

"நீர்தானோ கடலிலை தாண்டு செத்துப் போன ஆள்?" என்று தலைமைக் குமாஸ்தா, யாழ்ப்பாணத்துப் பெரிய கிராணி தம்பையர், கேட்டார்.

"ஆமாங்கய்யா," என்றார் எங்கள் சமையல்காரர் சின்னக்கண்ணு அண்ணன். "ஆனா அது பங்குனியில."

தம்பையர் அதை ஆங்கிலமாக்கிப் பெரிய துரையிடம் சமர்ப்பித்தார். துரை கையிலிருந்த விடைத்தாளைப் பார்த்தார். அண்ணனைப் பார்த்தார். வேறொரு தாளை எடுத்து அதையும் பார்த்தார். பிறகு ஏதோ முனகினார்.

"அப்ப தூக்கிலை தொங்கினது ஆரெண்டு துரை கேக்கிறார்."

"அதுவும் நாந்தாங்கய்யா. அது சித்திரை."

பினாங்கு பீச் ஸ்திரீட்டில் ஒரு கப்பல் கம்பெனியின் மாடியில், பெரிய துரையின் அறையில் நடந்தது இது. கம்பெனியின் பெயர் வேண்டாம், அவர்கள் நல்லவர்கள். தலைக்கு மேல் மின்விசிறி சாவகாசமாகச் சுற்றிக்கொண்டிருந்தது. சன்னலுக்கு வெளியே பாய்மரங்கள் தெரிந்தன. அண்ணன் அன்றுதான் வாழ்க்கையில் முதல்தடவையாகச் சட்டை போட்டிருந்தார். கழுத்துப் பொத்தான் வரை மாட்டியிருந்ததால் கண்கள் சற்றுப் பிதுங்கியிருந்தன. கையில் துண்டால் கட்டிய ஒரு தூக்குச்சட்டி. அதிலிருந்து மிளகும் பூண்டும் கலந்த வாசனை கிளம்பி, சுவரில் தொங்கிய உலகப் படத்தின் மேல் கண்டம் கண்டமாகப் பரவிக்கொண்டிருந்தது.

அவருக்குப் பின்னால் மூன்று குற்றவாளிகள்: அருளப்பன், கோவிந்தராஜு, நான். குற்றம், பரீட்சையில் ஒருவரைப் பார்த்து ஒருவர் எழுதியது. நிரூபணமானால் மூவரும் கொப்பரைக் கிடங்குக்கு.

சிம்பாங் அம்பாட்டிலிருந்து ஒரு வாசகர் கோபமாக எழுதியிருக்கிறார்: "ஐயா, இத்தனை வாரமாக உமது சரித்திரத்தைப் படிக்கிறேன். இன்னும் நீர் ஒரு பரீட்சையில்கூடத் தேறவில்லையே?" அவருக்குப் பதில்: ஐயா, உமக்காவது வாரத்துக்கு ஒருநாள்தான் அந்தக் கவலை. எனக்குத் தினமும் இருந்தது.

எந்த மனிதன்?

கம்பெனியில் இளநிலைக் கிராணிகளுக்கு வருஷம் ஒரு பரீட்சை. கணக்கு, கையெழுத்து, தட்டச்சு எதுவும் இல்லை. பத்து ஆங்கிலச் சொற்கள், அவ்வளவுதான். ஒவ்வொரு சொல்லுக்கும் பொருள் எழுத வேண்டும். அதே பொருள் தரும் வேறொரு சொல் எழுத வேண்டும். அதை வைத்து ஒரு வாக்கியம் எழுத வேண்டும். ஆக முப்பது மதிப்பெண். இருபது வாங்கினால் நிரந்தரம். இரண்டு தடவை தவறினால் துறைமுகக் கிடங்கில் கொப்பரை மூட்டை எண்ணும் வேலை.

கொப்பரை வாடையைப் பற்றி அறியாதவர்களுக்குச் சொல்கிறேன். அங்கே வேலை பார்த்தவர் டிராமில் ஏறினால் அவருக்கு உட்கார இடம் கிடைக்கும். பக்கத்திலும் இடம் இருக்கும். எதிரிலும் இருக்கும்.

நான் ஏற்கெனவே ஒரு தடவை தவறியிருந்தேன். ஊருக்கு எழுதிய கடிதங்களில் மட்டும் நிரந்தரமாகியிருந்தேன்.

தவறிய காரணம் வேடிக்கையானது. பொருள்கள் ஓரளவு சரி. மாற்றுச் சொற்கள் பாதி சரி. வாக்கியங்கள்தான் கவிழ்த்தன. 'ஒரு மனிதன் சிக்கனமானவன்' என்று எழுதியிருந்தேன். 'ஓர் அரசன் செல்வந்தன்' என்று எழுதியிருந்தேன். துரை ஒவ்வொன்றின் பக்கத்திலும் சிவப்புப் பென்சிலால் கேள்வி கேட்டிருந்தார். எந்த மனிதன்? எந்த அரசன்? கடைசியாகத் தாளின் அடியில், 'இந்த உலகத்தில் பெயருள்ள ஆள் ஒருவரையும் உமக்குத் தெரியாதா?' என்று எழுதி, வாக்கியங்கள் பத்துக்கும் பூஜ்யம் போட்டிருந்தார்.

துரையின் கொள்கை அது. ஒரு சொல்லை உண்மையான ஓர் ஆள்மேல் உட்கார வைக்கத் தெரியாதவனுக்கு அந்தச் சொல் தெரியாது என்பார். இப்போது யோசித்தால் நியாயமாகத்தான் படுகிறது. அப்போது அவர்மேல் உட்கார வைக்க என்னிடம் நிறையச் சொற்கள் இருந்தன. ஒன்றும் ஆங்கிலத்தில் இல்லை.

அட்டையில்லாத அகராதி

நாங்கள் மூவரும் குயின் ஸ்திரீட்டில் ஒரு தையற்கடையின் மாடியில் குடியிருந்தோம். அருளப்பன் மிஷன் பள்ளியில் படித்தவன். ஞாயிறு தவறாமல் கோயிலுக்குப் போவான். மூவரில் அவனே அறிவாளி. கோவிந்தராஜு மூவரில் பெரிய குரல்காரன். எனக்கு மிஞ்சியது தன்னடக்கம்.

எங்களிடம் ஓர் அகராதி இருந்தது. பழைய புத்தகக் கடையில் வாங்கியது. அட்டையும் இல்லை, முதல் இரண்டு எழுத்துகளும் இல்லை. 'சி'யில்தான் தொடங்கும். ஏ, பி இரண்டையும் கரையான் படித்து முடித்திருந்தது. இன்றைக்கும் அந்த இரண்டு எழுத்தில் தொடங்கும் ஆங்கிலச் சொல்லை யாராவது என் முன்னால் பிரயோகித்தால், நான் புன்னகை செய்து பேச்சை மாற்றிவிடுவது வழக்கம். கெலுகோர்ப் பக்கம் ஒரு கனவான் என்னிடம் அரைமணி நேரம் ஏயில் தொடங்கும் சொற்களாகவே பேசினார். நான் மிகவும் ஆழமானவன் என்று அவர் பிறரிடம் சொன்னதாகக் கேள்வி.

தினமும் சாயங்காலம் சாப்பாட்டு மேசையில் பாடம். ஒருவன் சொல்லைச் சொல்வான். அடுத்தவன் பொருள். மூன்றாமவன் மாற்றுச் சொல். பிறகு யார் வாக்கியம் நன்றாக இருக்கிறதோ அதை மூவரும் நோட்டில் எழுதிக்கொண்டு, சோறு ஆறும் வரை உரக்கச் சொல்ல வேண்டும்.

முதல் வாரமே தகராறு வந்தது. துரைக்குப் பெயருள்ள ஆள் வேண்டும். எங்களுக்குத் தெரிந்த பெயருள்ள ஆட்கள் நாங்கள்தான். 'பெருந்தீனிக்காரன்' என்ற பொருள் தரும் சொல் வந்தபோது, கோவிந்தராஜுவை வைத்து நான் ஒரு வாக்கியம் செய்தேன். அவன் கையிலிருந்த முருங்கைக்காயை வைத்து என்னை ஒன்று செய்ய வந்தான். அருளப்பன் எழுந்து கையை விரித்தான்.

"மேசையில உக்காந்திருக்கிற யாரையும் வச்சு எழுதக் கூடாது. சத்தியம் பண்ணுங்கலா."

"அப்ப யாரை வச்சு எழுதறது? பெரிய கிராணியையா?" என்றான் கோவிந்தராஜு.

"அவருக்கு இங்கிலீசு தெரியும்டா!"

அந்தச் சமயத்தில் சமையற்கட்டிலிருந்து குழம்புச் சட்டியோடு வந்தவர் சின்னக்கண்ணு அண்ணன். மேசையில் உட்காராதவர். ஆங்கிலம் தெரியாதவர். பெயருள்ளவர். மூவரும் ஒரே சமயத்தில் அவரைப் பார்த்தோம்.

"என்ன தம்பி, குழம்புல ஏதாச்சும் கெடக்கா?" என்றார் அவர்.

ஒரு மனிதரின் உயர்வும் வீழ்ச்சியும்

அண்ணன் சுங்கை பினாங்கில் மனைவி மக்களோடு வசித்தவர். காலையில் பாசாருக்குப் போய்க் காய்கறி வாங்கிக்கொண்டு எங்கள் மாடிக்கு வருவார். ரயில் கட்டுமானக் கூட்டத்துக்கு ஆக்கிப் போட்டவர் என்பதால், மூன்று பேருக்குச் சமைப்பதை ஓய்வாகவே கருதினார். கோபக்காரர் அல்ல. ஆனால் சாப்பிடும்போது நம் முகத்தையே பார்த்துக்கொண்டு நிற்பார். ருசியைப் பற்றி வாயால் கேட்க மாட்டார்.

அந்த ஆறு மாதத்தில் அவர் வாழ்க்கையில் நடக்காதது இல்லை. 'ஒபியுலன்ட்' என்ற சொல் வந்தபோது பெரும் செல்வந்தரானார். மறுநாளே 'டெஸ்டிட்யூட்' வந்து கட்டிய துணியோடு தெருவில் நின்றார். 'ஃப்ரூகல்' வந்த அன்று ஒரே கருவாட்டை மூன்று நாள் வைத்துச் சாப்பிட்டார். 'ஃபியூஜிடிவ்' வந்து போலீசுக்குப் பயந்து பினாங்கு மலையில் ஒளிந்தார். 'மேக்னானிமஸ்' வந்ததும் தன்னைப் பிடித்த போலீஸ்காரனையே மன்னித்தார். 'பெரிஷ்' வந்தது, எதிர்க்கரையிலிருக்கும் பிறைக்குப் போகும் படகிலிருந்து விழுந்து மாண்டார். அடுத்த வாரம் வேறு சொல்லுக்காக அவரை எழுப்பித் தூக்கில் போட வேண்டியிருந்தது.

முறை பலித்தது என்பதே ஆச்சரியம். 'ஒபியுலன்ட்' என்றால் முன்பு எனக்கு ஒன்றும் தோன்றாது. இப்போது வைரக் கடுக்கன் போட்டுக்கொண்டு ரிக்‌ஷாவில் கால்மேல் கால் போட்டுப் போகும் அண்ணன் தோன்றினார். மறக்கவே முடியவில்லை.

ஒன்றை மட்டும் யோசிக்க மறந்துவிட்டோம். அண்ணனுக்குத் தம் பெயர் தெரியும் என்பதை.

ரச வழக்கு

ஒருநாள் சாயங்காலம் அண்ணன் சோற்றுப் பானையை மேசைக்கு எட்டாத தூரத்தில் வைத்துவிட்டு, ஒரு மண்ணெண்ணெய்ப் பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்தார்.

"அஞ்சாறு மாசமாப் பாக்கறேன். தினம் எம் பேரைச் சொல்லி இங்கிலீசுல என்னமோ பேசிக்கிறீங்க. சிரிக்கிறீங்க. நோட்டுல வேற எழுதிக்கிறீங்க. நல்லதா இருந்தா தமிழ்ல சொல்ல மாட்டீங்களா? எழுதினதைப் படிங்க. அப்புறந்தான் சோறு."

பசி பெரிய மொழிபெயர்ப்பாளன். நான் என் நோட்டைத் திறந்து முதலிலிருந்து தமிழில் சொல்லத் தொடங்கினேன். அண்ணன் வெங்காயம் உரித்துக்கொண்டே கேட்டார். செல்வந்தரானபோது தலையை ஆட்டினார். போலீஸ்காரனை மன்னித்தபோது, "அதான் மனுசத்தனம்," என்றார். கடலில் மூழ்கிய இடத்தில் அருளப்பன் கண்ணை மூடிக்கொண்டான்.

"என்னிக்கு?" என்றார் அண்ணன்.

"பங்குனியிலண்ணே. சும்மா வாக்கியத்துக்காக."

"சரி, மேல படிங்க."

தூக்கில் தொங்கியதையும் அதே நிதானத்தோடு ஏற்றுக்கொண்டார். எங்களுக்கு மூச்சு வந்தது. பக்கத்தைத் திருப்பினேன். அடுத்த சொல் 'இன்சிபிட்'. அதாவது ருசியற்ற, சப்பென்ற. வாக்கியத்தைப் பார்த்ததும் என் குரல் தானாகத் தணிந்தது.

"சின்னக்கண்ணுவின் ரசம் சப்பென்று இருக்கிறது."

வெங்காயம் உரிப்பது நின்றது.

"செத்ததெல்லாம் பரவால்ல தம்பி," என்றார் அண்ணன், மெதுவாக. "இதை எழுதினது யாரு?"

சத்தியம் செய்து ஒற்றுமையாக இருந்த என் நண்பர்கள் இருவரும், ஆளுக்கொரு விரலால் என்னைக் காட்டினார்கள்.

மறுநாள் முதல் ரசம் இருவருக்கு மட்டும் வந்தது. என் தட்டுக்கு நேராக வரும்போது கரண்டி ஒரு வளைவு எடுத்துத் தாண்டிப் போகும். வாய்ப்பேச்சில் குறைவில்லை. "மாணிக்கம் தம்பி, மோர் ஊத்திக்கிடுங்க" என்பார். எட்டு நாள் பொறுத்தேன். எழுத்தாளனுக்கு உரிய கர்வம் எனக்கு அப்போதே உண்டு; எழுதிய வாக்கியங்களில் சிறந்தது அது என்று நினைத்திருந்தேன். ஒன்பதாம் நாள், மழை பெய்துகொண்டிருந்தபோது, பக்கத்துத் தட்டிலிருந்து பூண்டு வாசனை வந்தது. பேனாவை எடுத்தேன்.

முழுவதும் அடிக்க மனம் வரவில்லை. நடுவில் ஒரே ஒரு சொல்லைச் செருகினேன். 'நெவர்.' சின்னக்கண்ணுவின் ரசம் ஒருபோதும் சப்பென்று இருப்பதில்லை.

அண்ணன் என் வாய்வார்த்தையை நம்பவில்லை. நோட்டைக் கீழே எடுத்துக்கொண்டு போய், கடைவாசலில் மேசை போட்டு மனு எழுதுகிறவரிடம் காட்டி, அந்தச் சொல் உண்மையில் இருக்கிறதா, அழியாத மையில் இருக்கிறதா என்று உறுதி செய்துகொண்டு வந்தார். அன்று எனக்கு இரண்டு கரண்டி.

மற்ற இருவரின் நோட்டுகளை அவர் கேட்கவில்லை. எழுதினவனே திருத்திவிட்டால் உலகமே திருந்திவிடும் என்று நினைத்தார். அவர் காதில் விழும்போதெல்லாம் இருவரும் 'நெவர்' என்பதை மட்டும் மணி அடிப்பது போலச் சொன்னார்கள். நோட்டில் பழையதே இருந்தது.

முப்பதும் ஒருவரே

பரீட்சை வந்தது. தம்பையர் மேற்பார்வை. ஆறாவது சொல் 'இன்சிபிட்'. அண்ணன் காதில் விழாத ஒரே இடம் பரீட்சை அறை. அருளப்பனும் கோவிந்தராஜுவும் பழைய வாக்கியத்தை எழுதினார்கள். எனக்கு அந்த 'நெவர்' இல்லாமல் வாக்கியம் வரவில்லை. எட்டு நாள் ரசமில்லாமல் கற்ற சொல் அது.

இரண்டு நாள் கழித்துத் தம்பையர் எங்கள் மேசைக்கு வந்தார். கண்ணாடி மூக்கு நுனியில் இருந்தது.

"உங்களுக்கென்ன விசரே? மூண்டு தாள், முப்பது வசனம், முப்பதிலும் ஒரே ஆள்! பார்த்து எழுதினவங்கள் எண்டு துரை நிக்கிறார். நான் நித்திரை கொண்டனான் எண்டு சொல்லுறார். என்ரை மானத்தைக் கப்பலேத்திப் போட்டியள்!"

"ஐயா, நாங்க பாத்து எழுதல. சேர்ந்து படிச்சோம். அவர் எங்க சமையல்காரர்," என்றான் அருளப்பன்.

"எண்டால் ஆளை நாளைக்குக் கூட்டிக்கொண்டு வாருங்கோ. அப்பிடி ஒரு ஆள் இருக்கோ எண்டே துரைக்குச் சந்தேகம்."

வீட்டுக்கு வந்து விஷயத்தைச் சொன்னோம். "அண்ணே, நாங்க எழுதினதைப் பத்தித் துரை விசாரிக்கணுமாம். நீங்க வரணும்."

"ரச விவகாரமா?" என்றார் அண்ணன்.

"எல்லாந்தாண்ணே," என்று அவசரத்தில் சொல்லிவிட்டான் கோவிந்தராஜு.

அதுதான் வினையாயிற்று. குயின் ஸ்திரீட்டில் தீர்ந்துபோன வழக்கு இப்போது மேல்கோர்ட்டுக்குப் போயிருக்கிறது, தன் ரசத்தின் யோக்கியதையைத் துரையே விசாரிக்கப்போகிறார் என்று அண்ணன் முடிவு கட்டிக்கொண்டார். காலையில் பாசார் திறந்ததும் போய்ப் புது மிளகு வாங்கினார். சட்டை ஒன்றை மைத்துனரிடம் இரவல் வாங்கினார். தூக்குச்சட்டியைத் துண்டில் கட்டினார். வழியில் டிராமில் அதை மடியில் வைத்து, ஒரு துளி சிந்தாமல், கல்யாணப் பெண்ணைப் போலக் கொண்டுவந்தார்.

தீர்ப்பு

ஆக, கடலில் மூழ்கியதும் தூக்கில் தொங்கியதும் தாமே என்று அண்ணன் ஒப்புக்கொண்ட இடத்தில் விட்டேன்.

"இவங்கள் உமக்கு முன்னாலை படிக்கிறவங்களோ?" என்று தம்பையர் கேட்டார்.

"தினம் சோத்தோட சேத்துத் திம்பாங்கய்யா."

"எதை?"

"இங்கிலீசைத்தான்."

துரை தாளைப் பார்த்து, யாரையும் பார்க்காமல், ஒரு சொல்லை உச்சரித்தார். "ஃப்ரூகல்."

எங்களை நோக்கி எறிந்த சொல் அது. நாங்கள் வாய் திறப்பதற்குள் அண்ணன் நிமிர்ந்து நின்று முழங்கினார்:

"ஃப்ரூகல்! கேர்ஃபுல் வித் மணி! த்ரிஃப்டி, எகனாமிகல்! சின்னக்கண்ணு ஈஸ் எ ஃப்ரூகல் மேன்!"

துரையின் வாயிலிருந்த புகைக்குழாய் சற்றுச் சாய்ந்தது. "ஒபியுலன்ட்," என்றார். அதுவும் வந்தது, பொருள், மாற்றுச் சொல், வாக்கியம், எங்கள் தாளில் இருந்த அதே வரிசையில். 'பெரிஷ்' கேட்டார், அண்ணன் தாம் மாண்ட கதையை உற்சாகமாகச் சொன்னார். அர்த்தம் அவருக்கு எவ்வளவு தெரியும் என்பது இன்றுவரை எனக்குத் தெரியாது. ஆறு மாதம் குழம்புக் கரண்டியோடு நின்று கேட்டவர், அவ்வளவையும் பாட்டாக மனத்தில் போட்டு வைத்திருந்தார். எங்கள் மூவரையும்விடத் திடமாக. தம்பையர் வாழ்க்கையில் முதல்தடவையாக எங்களைப் பார்த்துச் சிரித்தார்.

துரை தாள்களைக் கீழே வைத்தார். பார்த்து எழுதவில்லை என்பது அவருக்குப் புரிந்துவிட்டது. அத்தோடு விட்டிருக்கலாம். விடவில்லை.

"இன்சிபிட்," என்றார்.

அண்ணனின் முகம் மாறியது. இதற்காகத்தானே வந்தார். தூக்குச்சட்டியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டார்.

"இன்சிபிட்! வித்தவுட் டேஸ்ட்! டேஸ்ட்லெஸ், ஃப்ளாட்! சின்னக்கண்ணூஸ் ரசம் ஈஸ் நெவர் இன்சிபிட்!"

துரை ஒவ்வொரு தாளாகப் புரட்டிவிட்டுத் தம்பையரிடம் ஏதோ சொன்னார். தம்பையர் தயங்கினார்.

"ஒரு தாளிலைதான் அப்பிடிக் கிடக்காம். மற்ற ரண்டிலும் உம்முடைய ரசம் சப்பெண்டு இருக்குதெண்டு எழுதியிருக்காம்."

அண்ணன் மெதுவாகத் திரும்பினார். அருளப்பன் உலகப் படத்தில் எதையோ தேட ஆரம்பித்தான். கோவிந்தராஜுவின் பெரிய குரல் எங்கேயோ போயிருந்தது.

அண்ணன் துண்டை அவிழ்த்தார். மேசைமேல் துரையின் தேநீர்க் கோப்பை காலியாக இருந்தது. யாரும் தடுப்பதற்குள் அதில் ரசத்தை ஊற்றி, இரண்டு கையாலும் நீட்டினார்.

துரை குடித்தார். மூக்கு சிவந்தது. காது சிவந்தது. கண்ணில் நீர் திரண்டது. இருமினார். மின்விசிறி நாலு சுற்றுச் சுற்றியது. நான் மனத்துக்குள் கொப்பரை வாடையைப் பழகிக்கொள்ள ஆரம்பித்தேன்.

துரை கோப்பையை மறுபடியும் நீட்டினார்.

"இன்னும் கொஞ்சம் விடட்டாம்," என்றார் தம்பையர், நம்பமுடியாத குரலில்.

இரண்டாவது கோப்பையைக் குடித்து முடித்தபின் துரை சிவப்புப் பென்சிலை எடுத்தார். அருளப்பன் தாளில் ஒன்றைக் குறைத்தார். கோவிந்தராஜு தாளிலும் ஒன்றைக் குறைத்தார். ஓரத்தில் ஒரு வரி எழுதினார். பொருள் சரி, மாற்றுச் சொல் சரி, வாக்கியம் உண்மைக்குப் புறம்பானது.

ஒன்று குறைந்தும் இருவரும் சுலபமாகத் தேறினார்கள். என் தாளை அவர் தொடவில்லை. எனக்கு மொத்தம் இருபது. அந்த ஒன்று போயிருந்தால் பத்தொன்பது. கம்பெனியில் எத்தனையோ வருஷம் உத்தியோகம் பார்த்தேன். அவ்வளவும் ஒரு 'நெவர்' மேல் நின்றது. வாசகர் கோபம் தணிக.

அன்று சாயங்காலம் மூவரும் புது வேட்டி கட்டிக்கொண்டு மேசையில் உட்கார்ந்தோம். கோவிந்தராஜுவுக்குக் குரல் திரும்பியிருந்தது. அண்ணன் ரசத்தை முதலில் எனக்கு ஊற்றினார். நெற்றி வேர்க்கும் அருமையான ரசம். பிறகு உள்ளே போய் வேறொரு சட்டியை எடுத்து வந்து, அவர்கள் இருவருக்கும் தாராளமாக ஊற்றினார்.

அருளப்பன் ஒரு வாய் வைத்தான். தட்டைப் பார்த்தான்.

"அண்ணே, இதுல உப்பும் இல்ல, புளியும் இல்லையே?"

"ஆமா தம்பி," என்றார் சின்னக்கண்ணு அண்ணன், இரண்டாவது கரண்டியை ஊற்றிக்கொண்டே. "நீங்க எழுதினது பொய்யின்னு துரை சொல்லிட்டாரு. படிச்ச பிள்ளைங்க பொய் எழுதினதா இருக்கலாமா? ஒரு வாரத்துக்கு அதை நெசமாக்கி வைக்கிறேன்லா. சாப்பிடுங்க."